எட்டு வீட்டுக்கு ஒரு டின்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று அவள் மகள் ஜெசிந்தா போனில் சொன்னபோது, திருநின்றவூர் வீட்டில் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தவள் தலை சுற்றுகிறது என்று மறுபடி படுத்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டதாம். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். போயும் போயும் அடுப்பில் எண்ணெய் காய்கிற இந்த நேரத்திலா அவளிடம் மாட்டிக்கொள்வது என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

கரையான்சாவடியில் எங்கள் சந்தில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் ஸ்டெல்லா என் வயதுக்காரி, இருபது வருஷம் அடுத்த வீட்டுக்காரி. 'அவர்' என்று போட்டால் யாரையோ எழுதியிருக்கிறாள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

எண்பதுகளில் எங்கள் சந்தில் ஐந்து வீடுகள் சேர்ந்து மாதம் ஒரு டின் கடலை எண்ணெய் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வோம். மெயின் ரோட்டு எண்ணெய் மில்லிலிருந்து ரிக்‌ஷாவில் வரும் டின் ஸ்டெல்லா வீட்டு வாசலில் இறங்கும். சனிக்கிழமை மதியம் ஆளுக்கொரு தூக்குடன் போய் உட்காருவோம். அளந்து ஊற்றுவது அவள்தான். காலி டின் முறை வைத்து ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டுக்குப் போகும். அரிசி கொட்டி வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. என் முறை வந்தபோது டின் நசுங்கி வந்துவிட்டது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஸ்டெல்லா தன் வீட்டு அரிசி டின்னைக் காலி செய்து, துடைத்து, என் வாசலில் வைத்துவிட்டு நசுங்கியதை எடுத்துக்கொண்டாள். "அரிசிக்கு இன்னா தெரியும், டின்னு நசுங்கிக்கீதா இல்லையான்னு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கணவர் அருள்ராஜ் அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நாக்கு ருசிக்கு அடிமையான மனிதர். ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போதே வாணலியில் வடையோ பஜ்ஜியோ சத்தம் போட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஸ்டெல்லா உடைந்து போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் விஜி. என் கையாலயே ஊத்தி ஊத்திப் போட்டுக்கீறேன்," என்றாள். அப்படியெல்லாம் இல்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆளுக்கொரு எண்ணெயையும் சிபாரிசு செய்துவிட்டுப் போனார்கள். கடலை எண்ணெய்தான் காரணம் என்றார் ஒருவர். ரேஷன் பாமாயிலைக் கையால் தொடாதே என்றாள் ஒருத்தி. சூரியகாந்தியைப் பற்றி டி.வி. வேறு தினமும் பாடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஜெயித்தது சோயா எண்ணெய். கொலஸ்ட்ராலே கிடையாது, நெஞ்சுக்கு நல்லது என்று அவள் கொழுந்தனார் அடித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் பழைய டின்னையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஸ்டெல்லா. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் நெஞ்சுக்காக ஐந்து வீடும் எண்ணெயை மாற்றியது.

அந்த எண்ணெய் காய்ந்தால் ஒரு வாடை வரும். எதிர் வீட்டு கோகிலா சுத்த சைவம். மீன் வறுக்கிற மாதிரி இருக்கிறது என்று ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு சமைத்தாள். யாரும் ஸ்டெல்லாவிடம் மூச்சு விடவில்லை. அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

நெஞ்சுக்கு நல்லது என்று ஆன பிறகு யாருக்குத்தான் கை அடங்கும்? நாங்கள் மருந்து மாதிரி தாராளமாக ஊற்றினோம். அண்ணனுக்கு நின்று போயிருந்த வடை திரும்ப வந்தது. கூடவே காலையில் பூரியும் வந்தது. மாதக் கடைசி வரை நின்ற டின் பாதி மாதத்திலேயே தட்டினால் காலிச் சத்தம் கேட்டது. இன்னொரு டின் வாங்கினோம். எங்கள் உடம்பெல்லாம் தேறிக்கொண்டிருப்பதாகவே நம்பினோம்.

பூந்தமல்லியில் டாக்டரைப் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். எண்ணெயை மாற்றிவிட்டதை ஸ்டெல்லா பெருமையாகச் சொன்னாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்க, அண்ணன் ஒளிக்கத் தெரியாமல் பூரியில் ஆரம்பித்து வரிசையாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாத்துங்கன்னு நான் சொல்லலையேம்மா. குறைங்கன்னுதானே சொன்னேன்," என்றார்.

கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டெல்லா, அண்ணன் முன்னால் நடக்கட்டும் என்று விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெஞ்சு வலிக்காரனுக்கு டெய்லி பூரி சுட்டுப் போட்டுக்கீறேனே விஜி. ஊர்ல எவளாவது இப்டி செய்வாளா?" சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அவளைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடலை எண்ணெய் டின் வந்து இறங்கியது. தூக்கோடு போனால், பக்கத்துச் சந்திலிருந்து மூன்று பெண்கள் எங்களுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் ஒரு டின் எட்டு வீட்டுக்கு என்று ஸ்டெல்லா அறிவித்தாள். எல்லோருக்கும் பங்கு சுருங்கியது. எப்படிக் கட்டும் என்று கோகிலா சண்டைக்கு நின்றாள். "பத்தலைன்னா நம்மூட்டுக்கு வந்து துன்னுகினு போ," என்றாள் ஸ்டெல்லா, அளவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் இரண்டு மாதம் அவளைத் திட்டாத நாள் இல்லை. பிறகு பழகிவிட்டது. வடைக்கு மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினாள். அவள் வீட்டில் ஒரே வாணலி, எட்டு வீட்டுக்கும் சேர்த்து. அண்ணனுக்கு இரண்டே இரண்டு. மூன்றாவதற்குக் கை நீண்டால், பேச்சை நிறுத்தாமலே தட்டை நகர்த்திவிடுவாள். பாக்கெட் எண்ணெய் வந்தது, நாங்களும் ஆளுக்கொரு பக்கம் வீடு மாறினோம். டின் நின்றுபோனது. அவள் அண்ணனின் தட்டைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இத்தனை வருஷம் பயந்துகொண்டிருந்தவள், தன்னைப் பார்த்துக்கொள்ளவே இல்லையோ என்று எனக்கு இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குச் சாப்பாடு நான் எடுத்துப் போனேன். கத்திரிக்காய் வதக்கல், அண்ணனுக்குப் பிடித்தது. துக்க வீடாயிற்றே, ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வதக்கியிருந்தேன். ஒரு வாய் எடுத்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ ஜாஸ்தியா கீதும்மா," என்றார் மெதுவாக. "அவ ஒத்துக்க மாட்டா."

அப்பளமும் வடையும் இல்லாமல் இருக்கிற ஜாதி இல்லை நான். ஆனால் அடுத்த நாள் அண்ணனுக்காகச் சமைத்தபோது, எண்ணெயைச் சாய்த்த என் கை பாதியில் தானாக நின்றது. ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். அதை வைத்துக்கொள்கிறேன். அன்று அண்ணன் முழுக்கச் சாப்பிட்டார்.