காப்பாற்றிய வரிசை

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் களைநாசினி தெளித்த செல்லமுத்து, பயிர் இலையில் ஒரு துளிகூடப் பட விட்டதில்லை. குண்டசாலையில் புதிதாகச் சேர்ந்த வேலையில், முனாப் முதலாளி சோளக் கன்றுகளின் மேலேயே தெளிக்கச் சொன்னார்.

“கன்னு செத்துருங்க, மொதலாளி.”

“சாகாது. இது வேற மருந்து, சோள இலை இந்த நஞ்சை உள்ளுக்கே முறிச்சிடும். புல்லுக்குத்தான் அப்படி முறிக்க ஏலாது.”

“செத்துட்டா?”

“நீங்க பிழையாக் கலந்திருப்பீங்க. வேலை போகும்.”

செல்லமுத்து கடைசி வரிசையை மட்டும் முதலாளிக்குத் தெரியாமல் சாக்கால் மூடிவிட்டு, மற்றதற்குத் தெளித்தார். பத்து நாள் விடியுமுன்னே போய்க் கன்றுகளைப் பார்த்தார். பிறகு புல் கருகியது; மருந்தில் நனைந்த சோளம் பச்சையாக நிமிர்ந்தது. மூடிய வரிசை மட்டும் புல்லுக்குள் வெளிறிக் கிடந்தது.

“இதுக்கு என்ன நடந்த?” என்றார் முதலாளி.

“அத நான் காப்பாத்துனேங்க.”

“அப்ப நாளைக்கும் வாங்க. அதுக்குப் புல்லுப் புடுங்க ஆள் வேணும்.”