பனச்சமூட்டு மழைக்கு ஒரு போர்ட்

ஃபயர்வால் பார்க்கிறவன் உயிரோடு இருப்பதே, எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை யாருக்கும் தெரியாது. ஆபீஸ் நெட்டில் வேண்டியது எதுவும் திறக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்ட அன்பர்களே, நீங்கள் வாய்க்குள் திட்டும் அந்த ஆள் நான்தான். கம்ப்யூட்டருக்குள் போக வர நம்பர் போட்ட வாசல்கள் உண்டு; போர்ட் என்பார்கள். கேரளத்து நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் அவற்றை ஃபயர்வால் என்ற காவலைப் போட்டு அடைத்து வைப்பதும், கேட்டால் திறந்து கொடுப்பதும் என் பிழைப்பு.

உள்ளதெல்லாம் திற

ரெத்தினம் சார் தாவரவியல் பேராசிரியர். புதிதாக வந்த சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று வந்தார். எந்த போர்ட் வேண்டும் என்றேன். அதெல்லாம் தனக்கெதற்கு, மொத்தமாகத் திறக்கக் கூடாதா என்றார். எல்லாம் திறந்தால் ஊரில் உள்ள திருடனெல்லாம் உள்ளே வருவான் என்று பொறுமையாகவே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய மனதோடு ஒரு வழி சொன்னார்: "மக்கா, நீ உள்ளதெல்லாம் தொறந்து போடு. வேண்டாததை நான் அடச்சுக்கிடுதேன்."

வெயில் அளக்கும் கருவி

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ஜெபஷீலா பனச்சமூட்டுக்காரி. வீட்டு ரப்பர் பறம்பில், அதாவது தோட்டத்தில், மழை அளக்க அவளே பேட்டரியில் ஓடும் ஒரு கருவி செய்து நட்டிருந்தாள். அளவு சிம் கார்டு வழியாக எங்கள் சர்வருக்கு வரவேண்டும். ஒரே ஒரு போர்ட், அதுவும் நம்பரோடு கேட்டாள். எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. எங்கிருந்து வரும் என்றேன். கேரளம்தான் என்றாள். கேரளத்திலிருந்து வந்தால் மட்டும் உள்ளே விடும்படி வைத்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெயில் நாளெல்லாம் பூஜ்யம் ஒழுங்காக வந்தது. மழை பெய்யும்போது மட்டும் ஒன்றும் வரவில்லை. அவள் ஆராய்ச்சியை மதிப்பிட வெளியிலிருந்து பரிசோதகர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் கருவி ஓடாவிட்டால் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. ரெத்தினம் சார் திரையைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "மக்களே, ஒன் கருவி வெயில நல்லா அளக்குது. மழையத்தான் காணல்ல."

நல்வரவு

நேரில் பார்க்க, தமிழ்நாட்டு எல்லையோரம் கிடக்கும் பனச்சமூட்டுக்குப் போனேன். அவள் அம்மா லீலா அக்கா மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார். இரண்டாவது தடவை வாங்கும்போது மழை பிடித்தது, கரண்ட் போனது, கூடவே என் போன் முனகியது: தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம். என்னைப்போல் எல்லையோரப் பாறசாலைக்காரனுக்கு அந்த மெசேஜ் கொசு மாதிரி. தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் உறைத்தது.

மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் இந்தப் பக்கத்து டவர் படுக்கும். உடனே சிம் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டிலிருந்து வந்த மழையை என் ஃபயர்வால் வாசலிலேயே விரட்டியிருக்கிறது. ஜெபஷீலா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். லீலா அக்கா மீன்கறிச் சட்டியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "தெனமும் வருத மெசேஜாக்கும் சார். நாங்க வாசிச்சதே இல்ல."

மழை எங்கே பெய்கிறது

எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதை விட்டேன். யார் என்று மட்டும் கேட்கும்படி, கருவிக்கு ஒரு ரகசியச் சாவி கொடுத்தேன். பரிசோதகர் வந்த அன்று நெய்யாற்றின்கரையில் நல்ல வெயில். பனச்சமூட்டில் மழை தொடங்கியதாக லீலா அக்கா போனில் சொன்னார். கடைசி வரிசையில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு கோடு மெல்ல ஏறியது. என் கண் நிறைந்துவிட்டது, ஒளிப்பானேன்.

பரிசோதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கோட்டின் கீழே இருந்த டவர் பெயரை வாசித்தார். இது தமிழ்நாட்டு வழியாக அல்லவா வருகிறது, இதை எந்த மாநில மழையாக எடுத்துக்கொள்வது என்றார். அன்று காலை வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருந்த ஜெபஷீலா நிதானமாகச் சொன்னாள்: "மழ எங்க பறம்புலதான் சார் பெய்யுது. சேதி எந்த வழி வந்தாலும் நனையுதது எங்க ரப்பராக்கும்."

எல்லை தாண்டி வரும் மழையை இப்போது மரியாதையாக உள்ளே விடுகிறேன். ரெத்தினம் சாருக்கு மட்டும் இன்னும் நம்பர் கேட்டுத்தான் திறக்கிறேன்.