புளி வருது!

மலரு, சரவணா, இது உங்க ரெண்டு பேருக்கும்தான்.

மலரு, வகுப்பில் நீ திக்கிப் படித்தபோது எல்லாரும் சிரித்தார்கள் என்று வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டாய். புத்தகத்தை எடு என்றால் பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். எட்டாவதோடு நின்ற எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படம் மட்டும் ஓரளவு வரும். அதனால் நீ ஒளிவதையும் நான் தேடுவதையும் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டினேன். கடைசிக் கட்டத்தில் நான் கத்துகிறேன்: "கண்ணு, வெளியே வா! புளி வருது!"

சாயங்காலம் மிளகை அள்ளிவைத்துவிட்டு வந்தால், வாசலிலேயே உன் குரல் கேட்டது. எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் கேட்டாய்:

"ஏனுங்கப்பா, புளி எப்படிங்க வரும்? அதுக்குக் காலா இருக்குது?"

"வரட்டும்க்கா, ரசம் வெச்சிரலாம்!" என்றான் சரவணன்.

"ஊரு பேருலயே புலி இருக்குற திருப்புலி நாட்டுல பொறந்துட்டு, புலின்னு எழுதத் தெரியலீங்களாப்பா?" என்றாய் நீ.

எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் நீ வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி அதையே திரும்பத் திரும்பப் படித்தாய். திக்கினாய்தான். அதை நீ கண்டுகொள்ளவே இல்லை. தப்பு செய்ய வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் போதும்போல.

மறுநாள் நீங்கள் கிளம்பிய பிறகு, தனியாக உட்கார்ந்து அடுத்த படம் வரைந்தேன். 'மலர் பள்ளிக்கூடம் போகிறாள்' என்று அடியில் சரியாகத்தான் எழுதினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு ரப்பரால் பள்ளியை அழித்துவிட்டு, பல்லி என்று எழுதினேன்.