தட்டிக்கு அந்தப் பக்கம்

இந்த ஊர்ப் பிள்ளைகள் தமிழில் சண்டை போடுகிறார்கள், தெலுங்கில் எண்ணுகிறார்கள். காலையில் பள்ளிக்கூட வாசலில் கோலி ஆடும்போது தினமும் கேட்கிறேன். "நீ ஏமாத்திக்கினு கீற" என்று தொடங்கும் வழக்கு, கோலிகளைப் பங்கு போடும் இடத்துக்கு வந்ததும் "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று மாறிவிடும். எண்ணி முடித்த பிறகு மறுபடி தமிழில் ஒரு திட்டு. வந்த புதிதில் தமிழில் எண்ணச் சொல்லித் திருத்தப் பார்த்தேன். என் எதிரில் எண்ணினார்கள். என் தலை மறைந்ததும், கணக்கு சரிதானா என்று முதலிலிருந்து தெலுங்கில் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வருஷமாகிறது. இப்போது புத்தூர்ச் சந்தையில் வாழைக்காய் பொறுக்கும்போது என் உதடும் 'மூடு' என்கிறது. பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு இதை நான் எழுதியதில்லை.

ஆந்திர ராஜ்யம் பிறந்த மறு வருஷம் சித்தூர் ஜில்லாவின் இந்த ஊருக்கு வந்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள், வேலைதான் இல்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ்க் குடியானவர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத்தறிவிக்கப் பயிற்சி பெற்ற பெண் தேவை என்று தெரிந்து மனுப் போட்டேன். எதற்கும் பட்டியல் எழுதுகிறவள் நான். ரயிலில் வைத்திருந்த பட்டியலில் புடவைகளுக்கு முன்னால் கத்தரிக்கோல், கோந்து, கெட்டி அட்டை, படம் வரைந்த சீட்டுகள் என்றுதான் இருந்தது. பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்றுத் தந்த வரிசை இன்னும் மனப்பாடம். ஓசை முதலில், உருவம் அடுத்தது, எழுத்தின் பெயர் கடைசியில். கோடுகள் எளிதாக இருப்பதால் ட, ப, ம ஆகியவற்றில் தொடங்க வேண்டும். 'படம்' என்று பிள்ளை தானாகச் சேர்த்துச் சொன்ன நாளை நோட்டில் குறித்துவைக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம். இடது பாதியில் நரசய்யா அய்யவாரு தெலுங்கு முதல் வகுப்பை நடத்தினார், மறு பாதி எனக்கு. அய்யவாரு என்றால் இங்கே வாத்தியார். முப்பது வயதுக்குள் இருப்பார். மூக்குப்பொடி போடுவதையும் சிரிப்பதையும் ஒரே சமயத்தில் செய்யக்கூடியவர். நடுவில் சுவர் கிடையாது. அவர் பக்கம் நாற்பது குரல், என் பக்கம் சரியாகப் பத்து. வகுப்பில் பத்துப் பிள்ளைகளாவது இருந்தால்தான் தமிழுக்குத் தனியாக ஆள் வைப்பார்கள். ஒன்பதானால் என் பாதிக் கூடமும் அவருக்கே போய்விடும். நான் மறுபடி ரயில் ஏற வேண்டும். எல்லை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாத வருஷங்கள் அவை. திருத்தணி அங்கே போகிறது, நகரி இங்கே நிற்கிறது என்று தினம் ஒரு சேதி வரும். பிள்ளையை எந்தப் பாதியில் உட்கார வைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் சோற்றுக்கு நடுவில் எழுந்தது.

என் பத்துப் பேரும் முதல் பாடத்தைக் கடகடவென்று வாசித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, முனியம்மா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைக் கவனிக்கும் வரை. எனக்கு முன்னால் இருந்தவரிடம் அவர்கள் கேட்டுப் பாடமாக்கிய பாட்டு அது. கொண்டுவந்த அட்டை தீர்ந்திருந்ததால் அந்த வாரமே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். தெற்கு மாட வீதிக் கடை ஒன்றில் கெட்டி அட்டை வாங்கி வந்து, நடுவில் ஒரு வார்த்தை மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டினேன். அதைப் பாடத்தின் மேல் வைத்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. மனப்பாடத்துக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கத் தெரியவில்லை. ஆகவே ஓசையிலிருந்து தொடங்கினோம். மூன்று மாதத்தில் எட்டுப் பேர் தேறினார்கள். ஒன்பதாவது பிள்ளை பாதி தேறினான். முனியம்மா மட்டும் 'ப' என்பாள், 'ம' என்பாள். அதில் ஒரு துணைக்கால் சேர்ந்தால் தெலுங்குப் பாதிப் பக்கம் திரும்புவாள், 'இங்கே பார்' என்று நான் அதட்டினால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

அவள் தகப்பனார் செங்கல்வராயன் வெதுருகுப்பம் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் இங்கே கொஞ்சமும் வைத்துப் பயிரிடுகிறவர். தசரா விடுமுறை முடிந்த அன்று மாட்டைப் பிடித்தபடியே பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, எம்பொண்ணுக்கு எழுத்து வந்துதா இல்லியா? மாசில இன்ஸ்பெக்டரு வராராம். அவுரு எதிர்ல படிச்சா இங்கயே கெடக்கட்டும். இல்லாங்காட்டி அந்தப் பக்கம் குந்த வெச்சிடறேன். தாசில்தார் ஆபீசு காயிதம் படிக்கவாவது ஒதவும்."

முனியம்மா பத்தாவது பிள்ளை. அன்று இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு பக்கத்தில் அவளுக்குத் தெரிந்தவை, மறு பக்கத்தில் தெரியாததற்குக் காரணங்கள். காரணங்களில் முதலாவதாக 'அடுத்த வகுப்பின் இரைச்சல்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்த காரணம்தான் அது. நடுவே ஒரு மூங்கில் தட்டி கட்டினால் நல்லது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டேன். அவர்கள் பேசி முடிப்பதற்குள் செங்கல்வராயனே வெதுருகுப்பத்திலிருந்து மூங்கில் பிளந்து கொண்டுவந்துவிட்டார். அரை நாளில் தட்டி எழுந்தது. தட்டி கட்டுகிற அளவுக்கு எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று நரசய்யா நினைத்தார் போலிருக்கிறது. மறுநாளிலிருந்து உரக்கச் சொல்லும் பாடங்களையெல்லாம் வெளியே புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

கூடம் நான் படித்த பள்ளிக்கூடத்தைப் போல அமைதியானது. பாளையங்கோட்டையில் என் முதல் வகுப்புக்கு நாலு பக்கமும் சுவர். டீச்சர் குரல் தவிர வேறு குரல் அங்கே நுழைந்ததில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் முனியம்மா 'ப'வையும் விட்டுவிட்டாள். தேறியிருந்த எட்டுப் பேரில் மூன்று பேர் 'கா'வுக்கும் 'கி'க்கும் முன்னால் தயங்கத் தொடங்கினார்கள். சீட்டின் அளவைப் பெரிதாக்கினேன், சாக்கட்டியின் நிறத்தை மாற்றினேன், வரிசையை மாற்றி உட்கார வைத்தேன். செய்த ஒவ்வொன்றுக்கும் எதிரே நோட்டில் 'பயன் இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. புங்கமரத்தடி குளமாகிவிட, நரசய்யாவின் நாற்பது பேரும் நனைந்த தலைகளோடு உள்ளே வந்தார்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய பாட்டு எழுந்தது. "ககு தீர்க்கமிஸ்தே கா, ககு குடிஸ்தே கி, ககு கொம்மிஸ்தே கு." க-வுக்கு நீட்டலைக் கொடுத்தால் கா, சுழியைக் கொடுத்தால் கி, கொம்பைக் கொடுத்தால் கு என்று, ஒவ்வொரு குறியும் ஓசையை என்ன செய்கிறது என்பதை எழுத்துக்கு ஏதோ தின்னக் கொடுப்பதைப் போலச் சொல்லும் பாட்டு. என் எதிரில் முனியம்மாவின் கையில் 'பாடம்' என்ற சீட்டு இருந்தது. அவள் உதடு அசைந்தது. "பகு தீர்க்கமிஸ்தே பா," என்றாள் தனக்குள். பிறகு நிமிர்ந்து, "பாடம், டீச்சர்." அடுத்த சீட்டைக் கொடுத்தேன். "மகு தீர்க்கமிஸ்தே மா... மாடு." இத்தனை மாதமாக நான் தேடிய சாவி தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. நான் இரைச்சல் என்று அடிக்கோடிட்டதை வைத்துத்தான் இந்தப் பிள்ளைகள் என் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எழுத்தின் ஓசையையும், 'கானா, காவன்னா' என்று அதன் பெயரையும்தான் சொல்லித் தருவோம். ஒரு எழுத்து இன்னொன்றாக எப்படி மாறுகிறது என்று சொல்லும் பாட்டு என் பெட்டியில் இல்லை.

மழை விட்டதும் நரசய்யாவிடம் போய், தட்டியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் பொடி டப்பாவைத் திறந்து மூடினார்.

"நானே உங்கள கேக்கணும்னு இருந்தேன் டீச்சர்காரு. எங்க பிள்ளைங்க ஒரு மாசமா ஒரே அழுகை. உங்க பொம்மலு, அந்தப் படம் போட்ட சீட்டுங்க, தெரியலியாம். பலகைக்கு ஒரு பொம்மை வெச்சிருந்தீங்களே, அத பாத்துதான் எங்க 'ப'வ கத்துக்கினாங்களாம். நான் சொல்லிக்குடுத்தேன்னு இத்தன நாளு நெனச்சிக்கினு இருந்தேன், என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது சொல்லுங்க."

செங்கல்வராயனிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. தன் மூங்கிலைக் கொண்டு தன் கையால் கட்டியவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தெலுங்குப் பாட்ட கேட்டுத்தான் தமிழ் படிக்கிறாளா எம்பொண்ணு?" என்றார். பிறகு கோபமே இல்லாமல், "அப்போ அந்தப் பக்கமே குந்தலாமே. நடுவுல நீங்க எதுக்கு?" என்று கேட்டார்.

அவள் 'மாடு' என்று வாசித்ததும் கூடத்து ஜன்னல் வழியாக உங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள் என்று சொன்னேன். ஓசையைக் கூட்டும் வித்தை அங்கேயிருந்து வரலாம். கூட்டி முடித்ததும் கிடைக்கிற வார்த்தை அவள் வீட்டில் பேசுகிற வார்த்தையாக இருக்க வேண்டும், அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் பேசறீங்க. மாசி வரிக்கும் பாக்கலாம்," என்று இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தார். "கட்டறதுக்கு அரை நாளு ஆச்சி. அவுக்கறதுக்கு இது போதும்."

மாசியில் சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழும் தெரிந்த தெலுங்குக்காரர். பிள்ளைகளுக்கு யாரோ எடுத்துக்கொடுத்தார்கள் என்று ஆகிவிடக் கூடாதே என்று, அன்று பாட்டு வேண்டாம் என நரசய்யாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய நாற்பது பேரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செங்கல்வராயன், தோளில் துண்டோடு. இன்ஸ்பெக்டர் என் ஜன்னல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புத்தகத்தில் நாங்கள் தொடாத பக்கம் ஒன்றைத் திறந்தார், முனியம்மாவைக் கூப்பிட்டார். ஜன்னலில் 'மாடி' என்று இருந்தது. இந்த ஊரில் மாடி வீடே கிடையாது. அவள் தாழ்ந்த குரலில் தொடங்கினாள். "மகு தீர்க்கமிஸ்தே மா. டகு குடிஸ்தே டி. மாடி."

இன்ஸ்பெக்டர் அட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆஜர்ப் பட்டியலை எடுத்தார். எண்ணினார். என்னைப் பார்த்தார். பத்து என்று காட்டுவதற்காக அந்தப் பாதியிலிருந்து ஒரு பிள்ளையை இரவல் வாங்கி உட்கார வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டது எனக்குப் புரிந்தது. எழுந்து விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, குழந்தையிடமே கேட்டார், நீ எந்த வகுப்புப் பிள்ளை என்று.

"குந்தறது இங்கதான் சார்," என்றாள் முனியம்மா. "காது மட்டும் அங்க."

தட்டி இல்லாத கூடத்தில் முதலில் சிரித்தவர் நரசய்யா. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அட்டையை மறுபடி எடுத்து வரி முழுவதும் நகர்த்தினார். 'மாடியில் ஒரு காகம்' என்று முடியும் வரை அவள் நிறுத்தவில்லை. புரிந்துதான் வாசிக்கிறாளா என்று பார்க்க, 'ஒரு காகங்கள் என்று சொல்லலாமா?' என்று அவர் கேட்க, "ஒண்ணுன்னா காகந்தான் சார், நெறய வந்தாத்தான் 'கள்'ளு," என்றாள். பார்வையாளர் புத்தகத்தில் தமிழ் வகுப்பு தொடரலாம் என்றும், கூடத்தின் அமைப்பை மாற்ற வேண்டாம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். நிமிர்ந்தபோது வாசலில் செங்கல்வராயனைக் காணவில்லை. மாலையில் என் வாசலில் ஒரு கூடை வேர்க்கடலை இருந்தது.

இந்த வருஷம் எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி அங்கே போனது, நாங்கள் இங்கே நின்றோம். இனி அங்கே உனக்கு என்ன வேலை என்று அம்மா எழுதினாள். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே இடம் காலியாம். கோடை விடுமுறைக்கு, நரசய்யா வாங்கிக் கொடுத்த பங்காருபாளையம் மாம்பழக் கூடையோடு ஊருக்குப் போனேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆசிரியை, முதல் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அதே நாலு சுவர், அதே நல்ல அமைதி. நல்ல பிள்ளைகள், என் பேச்சையே பேசுகிற பிள்ளைகள். கரும்பலகையில் 'க' எழுதினேன். பக்கத்தில் கால் போட்டேன். 'கா' என்று சொல்வதற்கு முன்னால், என்னை அறியாமல், நின்றுவிட்டேன். இடது பக்கச் சுவரைப் பார்த்தபடி, சாக்கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்பது குரல் வருவதற்காகக் காத்திருந்தேன். பிள்ளைகள் அடுத்து என்ன என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.