காய்க்காத சுரைக்கு ஊற்றிய தண்ணீர்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு சுரைக்கொடி படர்ந்திருந்தது. நிறையப் பூத்தது. ஒரு காய்கூட நிற்கவில்லை. அதை வெட்டச் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

வீடு சென்னீர்குப்பத்தில். பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் கடைசி. ஒரே அறை. மேலே சிமெண்டு ஷீட்டு. பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. அதில் அம்மா தோட்டம் போட்டிருந்தாள். வெண்டை, தக்காளி, மிளகாய், கீரை. சுவரோரம் சுரை. ஷீட்டுச் சூட்டில் கொடி கருகும் என்று முதலில் தென்னை ஓலையும் பழைய சாக்கும் போட்டு, அதன்மேல் ஏற்றிவிட்டிருந்தாள். ஓட்டை பக்கெட்டு, பெயிண்டு டப்பா என்று கிடைத்ததில் ஐந்து கத்தரிச் செடி. கத்தரி மட்டும் என்னுடையது. நாற்று வாங்கி வந்த அன்றைக்கே, "இத நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அடிபம்பை அடித்தால் காற்றுதான் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். வீட்டுக்கு ஆறு குடம் என்றார்கள். பிறகு நாலு என்றார்கள்.

அந்த நாலு குடத்தில்தான் எல்லாம். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எதையும் கீழே விடமாட்டாள். நான் டப்புக்குள் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். குளித்த தண்ணீர் தோட்டத்துக்குப் போகும். சாயங்காலம் அதை ஊற்றும்போது சூடான மண்ணிலிருந்து ஒரு வாசனை வரும். அதே நேரத்துக்குத்தான் மேலே சுரைப்பூவும் வெள்ளையாக விரியும். இரண்டையும் நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

தண்ணீர் குறையக் குறைய அம்மா செடிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். முதலில் கீரை போயிற்று. அப்புறம் தக்காளி, வெண்டை, மிளகாய். காய்ந்ததைப் பிடுங்கிச் சுரையின் அடியில் பரப்பினாள், மண் காயாமல் இருக்க. என் கத்தரிக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்பு கிடைத்தது. சித்திரையில் அதையும் நிறுத்திவிட்டாள். எல்லாத் தண்ணீரும் சுரைக்கு.

"அது காய்க்கலியேம்மா. கத்திரிதான காய்க்கிது?"

"சும்மா கெட."

அம்மா பேச்சு அவ்வளவுதான்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காய்க்கிற செடிக்குத் தண்ணீர் இல்லை. காய்க்காத கொடி வயிறு முட்டக் குடிக்கிறது. பிஞ்சு விரல் அளவு வரும், மஞ்சளாகும், வெம்பி விழும். காலையில் அதைப் பொறுக்குவதே எனக்கு வேலை.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டினார். தகட்டைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், மேலிருந்து இறங்கி வெட்டும். அந்தக் கோடை முழுக்க அவருக்கு நைட் ஷிப்டு. காலையில் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார். அவர் எழுகிறவரை வீட்டில் கிண்ணம்கூட விழக்கூடாது.

மாமா அம்மாவின் தம்பி. அவரும் பிரஸ்காரர்தான், அம்பத்தூரில். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. எப்படி என்று யார் கேட்டாலும், "கொஞ்சூண்டு கண்ணசந்துட்டேன்" என்பார். அதற்குமேல் சொல்லமாட்டார். அப்புறம் ஐயப்பன்தாங்கலில் ஒரு குடோனில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். ஆனால் அந்தக் கையை வைத்தே தமாஷ் பண்ணுவார். டீக்கடையில் கையைத் தூக்கிக் காட்டி, "மூணு டீ. வாயத் தொறக்க வேணாம் பாரு, சௌரியமா கீது" என்பார்.

சுரை காய்க்காதது தெருவுக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிய்ந்த செருப்பையும் கட்டை விளக்குமாறையும் கொண்டுவந்து கொடியில் கட்டினாள். காய்க்காத மரத்துக்கு அப்படிக் கட்டுவார்கள். ரோஷம் வந்து காய்க்குமாம்.

"பூவப் பாரேன், கல்யாண மண்டபம் கணக்கா. காய்தான் காணோம்" என்றாள் அந்த அக்கா.

அம்மா கட்டவிட்டாள். சிரிக்கவில்லை.

பத்து நாளாகியும் ரோஷம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமா வந்தார். அம்மா லாரிக்குக் குடம் வரிசை போடப் போயிருந்தாள். நைனா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மாமா கொடியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குச் செருப்புல்லாம் பத்தாது. கத்தியக் காட்டணும்."

அதுவும் ஒரு வழக்கம். ஒருத்தர் அருவாளோடு போய் வெட்டப்போகிறேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருத்தர் குறுக்கே வந்து, வேண்டாம், இந்தத் தடவை காய்க்கும் என்று கெஞ்ச வேண்டும். மூன்று முறை. செடி கேட்டுப் பயந்துவிடும்.

"மருமவளே, நீதான் கெஞ்சறவ. வேணா மாமா, வுட்டுடு, காய்க்கும், நான் கேரண்டின்னு சொல்லணும். இன்னா?"

"சரி."

"அழுதுகினே சொன்னா இன்னும் ஷோக்கா இருக்கும்."

"அழுவ வராது."

"வராங்காட்டி மூக்கயாவது உறிஞ்சு."

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தாள். மாமா அருவாளை இடது கையில் பிடித்துக்கொண்டு கொடி முன்னால் நின்றார். நைனா தூங்குவதால் மிரட்டலையும் ரகசியமாகத்தான் செய்தார்.

"இன்னா சொரக்கா, தண்ணிய மட்டும் குட்சிகினு சொகமா கீற? இன்னிக்கு ஒன்ன வெட்டாம வுடமாட்டேன்."

என்னைப் பார்த்தார். நான் கத்தரியைப் பார்த்தேன். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. ஒரு பக்கெட்டில் கட்டைவிரல் அளவு காய் ஒன்று தோல் சுருங்கி நின்றது. நான் பேசவில்லை.

"வெட்டப் போறேன்" என்றார் இரண்டாம் முறை. "ஏம்மே, சொல்லு" என்று பல்லுக்குள் சொன்னார்.

நான் பேசவில்லை.

"கடசித் தபா. வெட்டட்டா?"

"வெட்டு மாமா" என்றேன்.

அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போச்சு போ! சாட்சியே கவுந்துட்ச்சு!"

மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையில் அருவாள் இருந்தது. "மூணு வாட்டி கேட்டாச்சு. இப்ப வெட்டாம போனா இது நம்மள மதிக்காது" என்று சொல்லிக் குனிந்தார். பெரிய தண்டை விட்டுவிட்டு, அடியில் பிரிந்து ஓடிய ஒல்லியான கிளை ஒன்றை ஒரே போடு. வெட்டிய இடத்தில் தண்ணீர் சொட்டியது.

கூரைமேல் போன கொடியில் எது எங்கே போகிறது என்று கீழே இருந்து தெரியாது. அந்த ஒல்லிக் கிளைதான் மேலே போய்ப் பாதி ஷீட்டை மூடியிருந்தது. உச்சி வெயிலுக்குள் அந்தப் பக்கத்து இலையெல்லாம் துவண்டு படுத்துவிட்டது. அதற்கு நேர் கீழேதான் நைனாவின் பாய்.

அம்மா குடத்தோடு வந்தபோது நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"இன்னான்னு தெர்ல. இன்னிக்கு உள்ள படுக்க முடியல" என்றார்.

அம்மா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். பின்பக்கம் போனாள். வெட்டிய கிளையைப் பார்த்தாள். அருவாளைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை.

நாலு சாக்கை எடுத்தாள். அப்போதுதான் கொண்டுவந்த குடத்திலேயே தண்ணீர் எடுத்து நனைத்தாள். சுவரோரம் கிடந்த காலி டிரம்மின் மேல் ஏறி, காய்ந்த பக்கத்து ஷீட்டில் ஒவ்வொன்றாக விரித்தாள். ஒரு குடம் காலி.

மாமா கீழே நின்று பதறினார். "யக்கா, குடிக்கிற தண்ணிக்கா அது!"

"அவரு தூங்கணும்டா."

கொஞ்ச நேரம் சாக்கை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பகல்ல தூங்கலன்னா ராத்திரி மிசின்ல தூங்குவாரு. ஒனக்குத் தெரியாதா?"

மாமா வலது கையை லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கையை அவர் மறைத்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான்தான்க்கா வெட்டனேன்" என்றார் அப்புறம். "புள்ள வேணாம்னுதான் சொல்ச்சு."

எனக்காகச் சொன்ன பொய்.

நைனாவை மறுபடி படுக்கவைத்தாள். என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்து விசிறச் சொன்னாள். சாக்கு அரை மணியில் காய்ந்துவிட்டது. அவர் புரண்டுகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் தூங்கியிருப்பாரோ என்னவோ. சாயங்காலம் சட்டை மாட்டும்போது அம்மா கேட்டாள்.

"இன்னிக்கு லீவு போடேன்."

"போட்டா நாளைக்கு வேற ஆளு நிப்பான் மிசின்ல."

போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மாமா குடோன் தொட்டியிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கேட்காமலே சுரைக்கு ஊற்றிவிட்டுப் போவார். மீதிக் கொடியை அம்மா கயிறு கட்டி, நைனா படுக்கிற பக்கமாகத் திருப்பிவிட்டாள். மழை வருகிறவரை அது உயிரோடு இருந்தது. ஒரு சுரைக்காய்கூட கொடுக்கவில்லை. என் கத்தரி ஐந்தும் காய்ந்துபோயின. நான் பத்து நாள் அம்மாவோடு பேசவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

நைனா இப்போது ரிட்டையர் ஆகி என்னோடுதான் இருக்கிறார். பத்து விரலும் இருக்கிறது. சோற்றைப் பிசையும்போது சில நாள் பார்த்துக்கொண்டிருப்பேன். கொடியை வெட்டிய மறுநாள் காலை ஞாபகம் வரும்.

விடிந்ததிலிருந்து அம்மா வாசலில் நின்றாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. எட்டு மணிக்கு நைனா தெருமுனையில் திரும்பினார். நடை தள்ளாடியது. ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கை தோள்பைக்குள் இருந்தது. அம்மா எதிரே போனாள்.

"கைய எடு" என்றாள்.

எடுத்தார். கையில் ஒரு பன். நைட் ஷிப்டில் டீயோடு கொடுப்பது. அவர் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு கையையும் பிடித்துப் பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் பன்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். இன்னொன்று இல்லை என்றதும் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். பங்கு கேட்பாளோ என்று பயந்து, நைனா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். முழுதையும் நானே தின்றேன்.