சோதனைச்சாவடியில் திறந்த போத்தல்

போர்க்காலத்தில் நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த யாழ்ப்பாணத்து மாணவன். கழிவுநீரைச் சுத்தமாக்கும் பற்றீரியாக்கள் எப்படிப் பெருகிச் சாகின்றன என்று கணினியில் கணிப்பதுதான் என் ஆய்வு. ஒருநாள் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மாதிரிப் போத்தலோடு பஸ்ஸில் திரும்பினேன். சோதனைச்சாவடியில் என்னை இறக்கிய இராணுவ அதிகாரி, பையிலிருந்த கணினித்தாளை வாசித்தார்.

"இறப்பு வீதமா? யார் சாகப்போகிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கிருமிகள், சேர்" என்று போத்தலைக் காட்டினேன். உடனே துவக்கின் குழல் என் பக்கம் திரும்பியது.

பஸ்ஸில் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். வேலை முடிந்து அதே பஸ்ஸில் வந்த நிலையத்துத் தொழிலாளி மட்டும் இறங்கி வந்தார், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். "கக்கூஸ் தண்ணி, சேர்" என்று சிங்களத்தில் சொல்லி, மூடியைத் திறந்து நீட்டினார்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "தெரிந்தவரா? அப்படியென்றால் இவர் பெயர் என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

மூன்று மாதமாக எனக்கு மாதிரி அள்ளித் தந்தவர். ஆனால் அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"செல்வராஜ், சேர்" என்று அவரே சொன்னார். நாற்றம் தாங்காமல் அதிகாரி எங்களை விரட்டிவிட்டார்.

"பேர் கேக்காமல் விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன்.

"விடுங்க தம்பி, ஒங்க பேரும் எனக்குத் தெரியாதே!" என்று சிரித்தார்.

அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பஸ்ஸைவிட்டு இறங்கியிருப்பேனா என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை.