‘உம்’ என்றால் சம்மதமா?

எங்கள் மலைக்கிராமத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில் நானும் கலந்துகொண்டேன், துபாய் பக்கத்து அஜ்மானில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி, வீடியோ காலில். சில வாரங்கள் ஆகிவிட்டன. நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

ஊர்ப் பொதுநிலத்தில் சூரிய மின்நிலையம் அமைக்க ஒரு நிறுவனம் கேட்டிருந்தது. நிலம் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் தடையில்லாத மின்சாரம். நாங்கள் பழங்குடிகள், எங்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தைத் தொட முடியாது. ஒப்பந்தத்தை விளக்க அதிகாரி வருகிறார் என்று ஊரில் இருக்கும் அண்ணன் சொன்னதும் துள்ளினேன். ஒரு மழைக்கே நாட்கணக்கில் இருண்டு கிடக்கும் ஊர் அது. ஆனால் அவர்கள் போடும் வேலி ஊற்றுக்குப் போகும் பாதையை அடைத்துவிடும் என்றும் ஒரு பேச்சு இருந்தது. ஊருக்கு வேறு குடிதண்ணீர் கிடையாது. என் தங்கை தினமும் குடத்தோடு போகிற பாதை.

ஞாயிறு காலை ஷார்ஜாவின் தொழிலாளர் கேம்பிலிருந்து தங்கையின் கணவர் வந்துவிட்டார். அண்ணன் போனில் காட்ட, எங்கள் டிவியில் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவும் ஊர் முழுவதும் தெரிந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்று கத்தினார்.

“கரண்ட்டு வந்தா மொதல்ல என் வூட்டுக்கு ஏசி! லீவுக்கு வந்தா தூங்கணும்.”

“அங்க ஏசியில தூங்கறது பத்தலையாக்கும்?” என்றாள் தங்கை. “வந்து கொடம் தூக்கு, வா.”

கூட்டம் சிரித்தது. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஒவ்வொரு விஷயமாகச் சொல்லி நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் ஊர் ‘உம்’ என்றது.

அது எங்கள் வழக்கம். ஒருவர் பேசினால் எதிரே இருப்பவர்கள் உம் கொட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அவமரியாதை. காது கொடுத்திருக்கிறோம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சம்மதமா என்பதைப் பிறகு கூடிப் பேசித்தான் சொல்வோம்.

“ஊத்துப் பாதை வேலிக்குள்ள வரும்.”

“உம்.”

“வேற பாதைய பின்னால பாத்துக்கலாம்.”

“உம்.” சோபாவில் நாங்களும்தான்.

அதிகாரி உதவியாளர் பக்கம் திரும்பினார். “எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஏகமனதுன்னு எழுதிக்குங்க.”

ஊரார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என் தோளை உலுக்கினார். “பேசு மச்சான், நீ படிச்சவன்!” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் என் மகள் டிவியின் முன்னால் வந்து நின்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது வேலைக்குப் போகிறவள். ‘வெளியே வாயைத் திறக்காதே, விசாவுக்கு ஆபத்து’ என்று சொல்லிச் சொல்லி நான் வளர்த்த பெண்.

“சார், எக்ஸ்கியூஸ் மீ. அது யெஸ் இல்ல சார்.”

கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

“சின்ன வயசுல அப்பாகிட்ட சைக்கிள் கேட்டேன். உம்-னாரு. பெல் அடிச்சா சைக்கிள்தான்னு டெய்லி ஓடுவேன். வரவே இல்ல. உம்-னா கேட்டுட்டிருக்காங்கன்னு அர்த்தம், அவ்ளோதான் சார்.”

தங்கை வெடித்துச் சிரித்தாள். “எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான்! கம்மலுக்கு ஒரு உம், சீலைக்கு ஒரு உம்!” மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார்.

அதிகாரி சிரிக்கவில்லை. “யாரும்மா நீ? எந்த ஊரு?”

என் உயிர் போய் வந்தது. பதில் அண்ணனிடமிருந்து வந்தது. “எங்க வூட்டுப் பொண்ணு சார். அது சொல்றதுதான் சரி. கரண்ட்டும் வேணும், பாதையும் வேணும். வேலியத் தள்ளிப் போடுங்க, அப்பறம் பேசலாம்.”

“அப்ப இவ்வளவு நேரம் நான் சொன்னதுக்கு யாருமே சரின்னு சொல்லலையா?”

“உம்” என்றது ஊர்.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதை அடிக்கச் சொன்னார். “கம்பெனியில கேக்கணும். என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது” என்றவர், “அந்தப் பாதைய காட்டுங்க” என்று எழுந்தார்.

தங்கை முன்னே நடக்க, அண்ணன் போனோடு பின்னால் ஓடினார். டிவியில் கல்லும் புதரும் செருப்புக் கால்களும் குலுங்கின. மாப்பிள்ளை தரையில் மண்டியிட்டு, ஊற்றுப் பாதையை ஒவ்வொரு வளைவாக என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கையை நான் இன்னும் விடவில்லை என்பது, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.